காப்பி எடுக்கும்போது கோப்பு அவ்வப்போது கெடுகிறதா? காரணத்தைப் பிடிக்க முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று விடியற்காலையில் பெருமாள் கோயில் வாசலில் தொடங்கி டேங்க் ரோடு வரை காவடிகளோடு நடந்து எடுத்த படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். வீட்டுக்கு வந்து கார்டிலிருந்து கணினிக்கு ஏற்றினேன். அங்கிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு காப்பி எடுத்தேன். திறந்து பார்த்தால் நான்கு படங்களில் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். மறுபடி காப்பி எடுத்தேன். அந்த நான்கும் இப்போது சரியாக இருந்தன, வேறு மூன்று கெட்டிருந்தன. விண்டோஸ் ஒரு தடவைகூடப் பிழை என்று சொல்லவில்லை.

ஈசூனில் இருக்கும் மாமா போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "டிஸ்க் போயிருச்சு தம்பி, புதுசு வாங்கிரு." வாங்கினேன். 150 சிங்கப்பூர் வெள்ளி. புது டிஸ்க்கிலும் அதே கதை.

அந்த 150 வெள்ளிக்கு நான் கற்றது இதுதான்: ஒவ்வொரு முறையும் வேறு கோப்பு கெட்டால், கோளாறு தகவல் போகும் வழியில் இருக்கிறது. எப்போதும் அதே கோப்பு, அதே இடத்தில் கெட்டால், தகவல் இருக்கும் இடத்தில் கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கடைக்குக் கிளம்பாதீர்கள்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கேமரா கார்டை அழிக்காதீர்கள். மூலக் கோப்பு எங்கே இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். காப்பி எடுப்பதற்குப் பதிலாகக் கோப்பை நகர்த்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கெட்டுப்போன காப்பி எழுதப்பட்டதும் நல்ல மூலம் அழிந்துவிடும்.

மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் செயலி ஏதாவது இருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள். கெட்ட கோப்பை அது புதிய பதிப்பு என்று நினைத்து, மேகத்தில் இருக்கும் நல்ல பதிப்பின் மேல் எழுதிவிடலாம்.

செக்டிஸ்க் போன்ற பழுதுபார்க்கும் கருவிகளை இப்போது ஓட்ட வேண்டாம். இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். உங்கள் ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், கெட்டிருந்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் டிஸ்க்கின் அட்டவணையை ரேமில் ஏற்றித் திருத்தி மறுபடி எழுதும் எந்தக் கருவியும் நல்ல அட்டவணையைக் கெடுத்துவிடும். வைத்தியர் கையே நடுங்கும்போது அறுவை சிகிச்சை எதற்கு?

கோளாறை எண்ணிக்கைக்குள் கொண்டுவருவது

"சில சமயம் கெடுகிறது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. பத்து முறை செய்தால் எத்தனை முறை கெடுகிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் ஹாஷ். ஒரு கோப்பில் உள்ள அத்தனை பைட்டையும் கணக்கிட்டு ஒரே ஒரு நீண்ட எண்ணாகத் தருவது ஹாஷ். ஷா256 என்ற முறையில் அது 64 எழுத்துகளாக வரும். 50 ஜிபி கோப்பில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய அலகு) மாறினாலும் அந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். முழுதாக ஒப்பிட வேண்டியதில்லை, முதல் ஆறும் கடைசி ஆறும் ஒத்துப்போனால் இந்த வேலைக்குப் போதும்.

7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் செயலியை நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, சிஆர்சி ஷா என்ற பட்டியலில் ஷா256ஐத் தேர்ந்தெடுங்கள். கட்டளை அடிக்கத் தயங்காதவர்களுக்கு விண்டோஸின் பவர்ஷெல்லிலேயே கெட்-ஃபைல்ஹாஷ் இருக்கிறது.

சோதனைக்கு ஒரு பெரிய கோப்பு வேண்டும். உங்கள் ரேமைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். என்னிடம் 32 ஜிபி ரேம், அதனால் பழைய வீடியோக்களை எல்லாம் சுருக்காமல் ஒரே கோப்பாகக் கட்டி 50 ஜிபிக்கு ஒன்று தயாரித்தேன்.

ஏன் அவ்வளவு பெரியது? விண்டோஸ் அண்மையில் தொட்ட கோப்பை ரேமிலேயே வைத்துக்கொள்ளும். சின்னக் கோப்பை டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து உடனே ஹாஷ் பார்த்தால், டிஸ்க்கில் எழுதப்பட்டதை அது படிப்பதில்லை. ரேமில் மிச்சமிருப்பதைப் படித்துவிட்டு "எல்லாம் சரி" என்கிறது. இந்த ஏமாற்றில் நான் ஒரு வார இறுதியை இழந்தேன். வெளி டிஸ்க்கானால் முறைப்படி கழற்றி மறுபடி செருகிய பிறகு ஹாஷ் பாருங்கள். உள் டிஸ்க்கானால் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பின் ஹாஷை மூன்று முறை எடுத்து எழுதுங்கள். பிறகு காப்பி எடுத்து, கழற்றிச் செருகி, காப்பியின் ஹாஷை மூன்று முறை எழுதுங்கள்.

காப்பியே எடுக்காமல், மூலத்தின் ஹாஷே ஒவ்வொரு முறையும் மாறினால் டிஸ்க்கை உடனே குறை சொல்லாதீர்கள். டிஸ்க் ஒவ்வொரு துண்டுத் தகவலோடும் திருத்தக் குறியீடு வைத்திருக்கிறது. படிக்க முடியாவிட்டால் பெரும்பாலும் பிழை என்று சொல்லிவிடும், கூசாமல் தப்பான தகவலைத் தருவது அபூர்வம். அப்போது ரேம், சிபியு (கணக்குகளைச் செய்யும் மையச் செயலி) பக்கம் பாருங்கள்.

மூலம் நிலையாக இருந்து, காப்பியின் ஹாஷ் தப்பாகவும் ஆனால் மூன்று முறையும் அதே தப்பாகவும் இருந்தால், எழுதும் வழியில் கெட்டு அப்படியே உறைந்துவிட்டது என்று பொருள். காப்பியின் ஹாஷே முறைக்கு முறை மாறினால் வெளி டிஸ்க்கின் பெட்டி, கேபிள், அல்லது மறுபடியும் ரேம்.

இன்னொரு கணினி கிடைத்தால் வேலை பாதியாகிவிடும். அந்த வெளி டிஸ்க்கை மடிக்கணினியில் செருகி ஹாஷ் பாருங்கள். மடிக்கணினி மூன்று முறையும் ஒரே விடை தந்து, மேசைக்கணினி மூன்று விதமாகச் சொன்னால், குற்றவாளி எந்த வீட்டில் இருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. என் விஷயத்தில் தங்கையின் மடிக்கணினிதான் வழக்கை மாற்றியது.

கெட்ட இடத்தின் வடிவம்

எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான். நல்ல கோப்பையும் கெட்ட காப்பியையும் பைட் பைட்டாக ஒப்பிட்டால், காயத்தின் வடிவமே ஆயுதத்தைச் சொல்லிவிடும். விண்டோஸ் கட்டளைத் திரையில் எஃப்சி என்ற பழைய கட்டளையைப் பி என்ற விருப்பத்தோடு கொடுத்தால், வேறுபடும் இடமும் இரண்டு பைட்டின் மதிப்பும் வரிசையாக வரும். லினக்ஸ், மேக் ஆட்களுக்கு சிஎம்பி.

ஒரு பைட்டில் எட்டு பிட். பதினாறடிமான எண்ணில் அவற்றின் மதிப்பு 01, 02, 04, 08, 10, 20, 40, 80. இரண்டு பைட்டுக்கும் உள்ள வேறுபாடு இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. 4096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் பிட் ஒன்று புரண்டிருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே கணக்குதான் உங்களுக்கும்.

என் 50 ஜிபி காப்பியில் வேறுபட்டவை மொத்தம் 11 பைட். 61 இருக்க வேண்டிய இடத்தில் 21. 73 இருக்க வேண்டிய இடத்தில் 33. பதினொன்றிலும் வேறுபாடு 40தான், அதே பிட். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஆனால் எப்போதும் அதே பிட் புரண்டால், ரேம் என்று ஏறத்தாழ உறுதியாகவே சொல்லலாம்.

மாறாக 512 அல்லது 4096 பைட் நீளத்துக்கு வெறும் பூச்சியமாக இருந்தால், ஒரு முழுத் துண்டு எழுதப்படாமலே போயிருக்கிறது: பாதியில் பிடுங்கப்பட்ட கேபிள், மின்சாரம் தடுமாறிய பெட்டி, சாகக் கிடக்கும் எஸ்எஸ்டி. நடுவில் வேறு ஏதோ கோப்பின் உள்ளடக்கம் தென்பட்டால் கோப்பு அமைப்பின் அட்டவணையையோ போலி கார்டையோ சந்தேகப்படுங்கள். ஒரு புள்ளிக்குப் பிறகு எல்லாமே குப்பை என்றால், அது போலி கார்டாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

ரேம்

எல்லோரும் கடைசியில் சந்தேகிப்பது இதைத்தான், ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். காப்பி ஆகும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் பிழைதிருத்தும் வகை ரேம் கிடையாது, அதனால் பிட் புரண்டால் கேட்க ஆளில்லை. கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு எட்டு விழுக்காட்டுக்கும் அதிகமான ரேம் குச்சிகளில் பிழை பதிவாகியிருந்தது. அந்தச் சர்வர்களில் திருத்தும் வசதி இருந்தது. நம் வீட்டில் இல்லை.

மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனைக் கருவியை ஒரு யுஎஸ்பியில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். அந்த யுஎஸ்பியை வேறொரு கணினியில் தயாரிப்பது நல்லது. சந்தேகத்துக்குரிய கணினியில் தயாரித்தால் சோதனைக் கருவியே கெட்டிருக்கலாம்! இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். விண்டோஸோடு வரும் மெமரிச் சோதனை வேகமானது, ஆனால் அது "பிழை இல்லை" என்றால் நான் நம்புவதில்லை. மெம்டெஸ்டில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "ஒன்றுதானே" என்று விட்டுவிட வேண்டாம்.

இப்போது நம்மூர் விஷயம். நான் சோதனையை இரவில் ஓட்டிவிட்டுத் தூங்கினேன். நான்கு சுற்றும் சுத்தம். ரேம் நல்லது என்று முடிவு கட்டி, அடுத்த பத்து நாள் கேபிள், போர்ட் என்று அலைந்தேன். அப்புறம்தான் தாளில் எழுதிய நேரத்தைப் பார்த்தேன். காப்பி கெட்டதெல்லாம் மதியம் இரண்டிலிருந்து ஐந்துக்குள். என் மேசை இருப்பது மேற்கு வெயில் விழும் அறை. இரவில் ஏர்கான் ஓடும், பகலில் மின்கட்டணத்துக்குப் பயந்து போடுவதில்லை. சூடு ஏற ஏற ரேமின் செல்கள் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறையும். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ஏர்கான் இல்லாமல் சோதனையை ஓட்டினேன். இருபதாவது நிமிடத்தில் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன.

ஆகவே சிங்கப்பூரில் மெம்டெஸ்டைப் பகலில், வெப்பமான நேரத்தில், கணினிப் பெட்டியை மூடி வைத்து ஓட்டுங்கள். கோளாறு வரும் சூழலில் சோதிக்காத சோதனைக்குப் பொருளில்லை.

பிழை வந்தால், கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி, புதிய ஏஎம்டி கணினியானால் எக்ஸ்போ, என்ற வேகக்கூட்டலை அணையுங்கள். 3600 என்று விளம்பரப்படுத்தப்பட்ட டிடிஆர்4 ரேம் அது இல்லாமல் 2133, 2666 போன்ற வேகத்துக்கு இறங்கும். படம் திருத்தும் வேலையில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதில் பிழை மறைந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். எனக்குக் குறைந்தது, மறையவில்லை.

அடுத்து, கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு குச்சியைக் கழற்றிவிட்டு மற்றதோடு மட்டும் சோதியுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். ஒரே துளையில் இரண்டு குச்சியையும் மாறி மாறிச் சோதித்தால்தான் குச்சியா துளையா என்பது பிரியும். கழற்றியபோதே அதன் பொன்னிறத் தொடுமுனைகளை ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். இங்கே காற்றின் ஈரப்பதம் விடியலில் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, தொடுமுனையில் படலம் படிவது நடக்கிற காரியம்தான். துடைத்துச் செருகியதுமே சரியான கணினிகளையும் பார்த்திருக்கிறேன். என் இரண்டாவது குச்சி துடைத்தும் திருந்தவில்லை.

ரேம் முழுக்கச் சுத்தம், ஆனாலும் ஹாஷ் மாறுகிறது என்றால் சிபியு. அதை விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் செய்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சிபியு வைத்திருப்பவர்கள் பயாஸை அவசியம் புதுப்பிக்க வேண்டும். அந்த வரிசையில் மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலையும் கோளாறு இருப்பதை இன்டெலே 2024இல் ஒப்புக்கொண்டு, திருத்தமும் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்துபோன சிபியுவைத் திருத்தம் குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும்.

கேபிள், போர்ட், மின்சாரம்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியைத் திறந்தால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் எண்கள் தெரியும். சாட்டா வகைக் கேபிளில் இணையும் டிஸ்க்கில் சி7 என்ற வரி, அதாவது 199ஆம் எண், கேபிள் வழியில் எத்தனை முறை தகவல் பிசகியது என்று எண்ணுகிறது. அது பூச்சியத்துக்குத் திரும்பாது. அதனால் எண் எவ்வளவு என்பதைவிட, காப்பிக்கு முன்னும் பின்னும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஆனால் ஒன்று: சாட்டாவிலும் யுஎஸ்பியிலும் சிஆர்சி என்ற பிழைச் சரிபார்ப்பு உண்டு. கெட்டது தெரிந்தால் மறுபடி அனுப்பும். ஆகவே கெட்ட கேபிள் பெரும்பாலும் காப்பியை மெதுவாக்கும், இல்லையேல் துண்டிக்கும். சத்தமில்லாமல் கெடுப்பது அதன் வழக்கமல்ல.

வெளி டிஸ்க் என்றால் முன்பக்கப் போர்ட்டையும் ஹப்பையும் விட்டுவிட்டுப் பின்பக்கப் போர்ட்டில், குட்டையான கேபிளில் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட் தரக் கடமைப்பட்டது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. சுழலும் டிஸ்க் தொடங்கும் நொடியில் அதைத் தாண்டிக் கேட்கலாம். டிஸ்க் டிக் டிக் என்று மறுபடி மறுபடி தொடங்கினால் மின்சாரம் போதவில்லை. பெட்டியின் உள்ளே இருக்கும் இணைப்புச் சில்லைச் சந்தேகித்தால், டிஸ்க்கை எடுத்து வேறு பெட்டியில் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

டிஸ்க்கும் கார்டும்

அதே கருவியில் 05, சி5, சி6 வரிகளைப் பாருங்கள். சி5 பூச்சியத்தைத் தாண்டினால் டிஸ்க்கில் படிக்க முடியாத துண்டுகள் காத்திருக்கின்றன. 05 வாரத்துக்கு வாரம் ஏறினால் இருக்கும் தகவலை எடுத்துக்கொண்டு விடைபெறுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இணையத்தில் மலிவாக வாங்கிய மெமரி கார்டுக்கும் யுஎஸ்பிக்கும் தனிச் சோதனை உண்டு. 512 ஜிபி என்று அட்டையில் இருக்கும், உள்ளே 32 இருக்கும். 32 வரை எல்லாம் சரியாகவே நடக்கும். அதற்கு மேல் எழுதுவது காற்றில் போகும் அல்லது பழையதன் மேல் விழும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவி கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்து ஒப்பிடும். லினக்ஸ், மேக்கில் எஃப்3. கார்டு காலியாக இருக்கும்போதே, வாங்கிய அன்றே ஓட்டிவிடுங்கள்.

உள்ளூரில் வாங்கியது பழுதானால், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், பழுதான பொருள் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டத்தை நினைவில் வையுங்கள். வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பாடு. மெம்டெஸ்டின் சிவப்புத் திரையையும் ஹாஷ் எழுதிய தாளையும் படம் பிடித்து எடுத்துப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும். ஆறு மாதம் தாண்டியிருந்தாலும் ரேமுக்கு ஆயுள் உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் பல. என் குச்சியை அப்படித்தான் மாற்றினேன்.

நெட்வொர்க் வழியே காப்பி எடுத்தால் மட்டும் கெடுகிறதா? நாஸ் என்ற, நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டிக்குள்ளேயே ஹாஷ் எடுத்து, கணினியில் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். நாஸும் ஒரு கணினிதான், அதற்குள்ளும் ரேம் இருக்கிறது.

சரியான பிறகு இருக்கும் வேலை

குச்சியை மாற்றியதும் 50 ஜிபி சோதனையை மதிய வெயிலில் பத்து முறை ஓட்டினேன். பத்தும் ஒரே ஹாஷ். வேலை முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. அந்தக் குச்சி எப்போதிலிருந்து கெட்டிருந்தது? அந்த நாள் முதல் இந்தக் கணினியில் காப்பியானதும் திருத்தப்பட்டதும் எல்லாம் சந்தேகத்துக்குரியவைதான். பழைய பேக்கப்பில் இருக்கும் கோப்புகளின் ஹாஷை இப்போதுள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். நீங்கள் தொடாத கோப்பில் ஹாஷ் மாறியிருந்தால் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப் கோப்புகளுக்கு 7-ஜிப்பின் சோதனைக் கட்டளை போதும். ஃப்ளாக் இசைக்கோப்புகள் தங்கள் சரிபார்ப்பு எண்ணைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. படங்களுக்குக் கண்தான், சிறுபடங்களை நம்பாமல் முழு அளவில் திறந்து பார்க்க வேண்டும்.

இனிமேல் காப்பி எடுக்க டெராகாப்பி, ஃபாஸ்ட்காப்பி போன்ற, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். சரிபார்க்கும் விருப்பத்தை நீங்கள்தான் இயக்க வேண்டும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு அமைப்புகளில் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டும் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்பு எண் வைப்பதில்லை. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் வைக்கின்றன. நாஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

என் 2,000 படங்களில் கடைசியில் திரும்பாதவை இரண்டே இரண்டு. முதல் நாள் கணினிக்கு ஏற்றும்போதே கெட்டவை அவை, அதற்கு மறுநாளே ஒரு பிறந்தநாள் விழாவுக்காகக் கார்டை அழித்துவிட்டேன். ஒன்றில் நண்பரின் மகன் முதல் காவடி எடுத்து நிற்கிறான். தோளுக்குக் கீழே சாம்பல். இப்போது காவடிக் கார்டுகள் இரண்டு இடத்தில் ஹாஷ் ஒத்துப்போகும்வரை ஈரம் புகாத கேமரா அலமாரியில் இருக்கின்றன. "அழிக்காதே" என்று எழுதிய ஒட்டுத்தாளோடு.